என் கையெழுத்தில் எனக்கு வரும் கடிதங்கள்

எங்கள் தெருவுக்குத் தபால் வண்டி மதியம் இரண்டு மணிவாக்கில் வரும். வண்டி நகர்ந்ததும் வாசலில் நிற்கும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். மின்கட்டணச் சீட்டு, பல் மருத்துவரிடமிருந்து வரும் நினைவூட்டல், கடைகளின் தள்ளுபடித் தாள்கள் ஆகியவற்றுக்கு நடுவே, சில நாள்களில், என் கையெழுத்திலேயே என் முகவரி எழுதப்பட்ட வெள்ளை உறை ஒன்று கிடக்கும். முகவரியை எழுதியவன் நான். தபால்தலையை ஒட்டியவனும் நான். ஆனால் அந்த உறையின் வாயை ஒட்டி மூடியவர், ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய மைதானங்களில் பேஸ்பால் ஆடிய ஒருவர். உள்ளே 1987-இல் அச்சான ஓர் அட்டையும் அதன்மேல் அவர் இட்ட கையெழுத்தும் இருக்கும். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்துகொண்டு ஒன்பது ஆண்டுகளாக இந்த உறைகளுக்குக் காத்திருந்து வருகிறேன்.

தமிழ் வார இதழ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த உறையை விளக்க வேண்டியதில்லை. படைப்பு ஏற்கப்படாவிட்டால் திரும்பப் பெறுவதற்காக, போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையையும் சேர்த்து அனுப்பும் வழக்கம் ஒரு தலைமுறைக்கே நன்றாகத் தெரியும். என் அப்பா கதை எழுதி இதழ்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அவருடைய கையெழுத்தில் அவருக்கே ஓர் உறை வந்தால், கதை திரும்பிவிட்டது என்று பொருள். அன்று மாலை வரை வீட்டில் யாரும் அவரிடம் அதிகம் பேச மாட்டோம். அதே ஏற்பாடு இந்த ஊரில் எனக்கு மகிழ்ச்சியைக் கொண்டுவரும் ஒன்றாக மாறியிருக்கிறது. இதில் ஈடுபட்டிருப்பவர்கள் ‘த்ரூ தி மெயில்’ என்றும் சுருக்கமாக ‘டி.டி.எம்.’ என்றும் சொல்கிறார்கள். ஆட்டக்காரருக்கு ஒரு கடிதம், அவர் படம் அச்சிட்ட அட்டை, திரும்பி வருவதற்கான உறை ஆகிய மூன்றையும் இன்னோர் உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும்.

எனக்கு இது 2016 கோடையில் தொடங்கியது. எங்கள் பகுதியில் ஒரு முதியவர் வீட்டை விற்றுவிட்டுப் புளோரிடாவுக்குக் குடிபோகவிருந்தார். கராஜில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் நீளமான வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. டாப்ஸ் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் 792-உம் அதற்குள் எண் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய மகன் சிறுவனாக இருந்தபோது சேர்த்தவை; மகனுக்கு இப்போது வேண்டாமாம். பத்து டாலர் கொடுத்து வாங்கிவந்தேன். அன்றிரவு நானும் அப்போது எட்டு வயதான என் மகளும் சமையலறை மேசையில் அவற்றைப் பரப்பி, முன்பக்கத்து முகங்களையும் பின்பக்கத்து எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவர்களெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

பேஸ்பால் அட்டையைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்றுச் சொல்கிறேன். இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டது. முன்புறம் ஆட்டக்காரரின் படம், பின்புறம் அவருடைய ஆட்டக் கணக்கு. தொடக்கத்தில் சிகரெட் பெட்டிகளுக்குள்ளும், பின்னர் சூயிங்கம் பாக்கெட்டுகளிலும் வந்தது. 1938-இல் புரூக்ளினில் தொடங்கப்பட்ட டாப்ஸ் 1952-இல் வெளியிட்ட 407 அட்டைகளின் தொகுப்புதான் இன்றைய அட்டையின் அமைப்பை நிலைநிறுத்தியது. அந்தத் தொகுப்பைச் சேர்ந்த மிக்கி மேன்ட்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பழைய அட்டைகளின் விலை ஏறத் தொடங்கியதைக் கண்டவர்கள் 1980-களிலேயே புதிய அட்டைகளையும் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள். நிறுவனங்களும் அளவில்லாமல் அச்சடித்தன. எல்லாரிடமும் இருப்பதை யார் விலைகொடுத்து வாங்குவார்கள்? 1987-இல் ஒரு பாக்கெட் 40 சென்ட். அதில் 17 அட்டைகளும் ஒரு சூயிங்கம் பட்டையும் இருந்தன. அந்த அட்டைகளில் பெரும்பாலானவை இன்று காசுக்கு ஆகாதவை. அதனாலேயே அவை என் காரியத்துக்குப் பொருத்தமாக இருக்கின்றன. தொலைந்தால் இன்னொன்று கிடைக்கும் என்பதால் தபாலில் போட அஞ்ச வேண்டியதில்லை. மர நரம்பு ஓடிய ஓரமும் வழவழப்புப் பூச்சில்லாத தாளும் மையை நன்றாக வாங்கிக்கொள்கின்றன.

அட்டைகளை அடுக்கும் ஆல்பத்தின் ஒரு தாளில் ஒன்பது பைகள் இருக்கும். 792 அட்டைகளுக்கு மிச்சமில்லாமல் 88 தாள்கள் வேண்டும். எல்லா அட்டைகளும் தனி ஆள்களுடையவை அல்ல. பெயர்ப் பட்டியல்களும் அணி அட்டைகளும் இடையிடையே உண்டு. அவற்றை விட்டுவிட்டு, இயன்றவரை ஒவ்வோர் அட்டையிலும் அதற்குரியவரின் கையெழுத்தை, பணம் கொடுத்து வாங்காமல், கேட்டுப் பெற வேண்டும் என்று முடிவு செய்தேன். இன்றுவரை 341 சேர்ந்திருக்கின்றன. அப்போது புதிதாக ஆடத் தொடங்கியிருந்த பாரி பாண்ட்ஸ், மார்க் மக்வையர் போன்ற பெரிய பெயர்களின் பைகள் கையெழுத்தில்லாத அட்டைகளுடன் இருக்கின்றன. அவை அப்படியே இருந்துவிடவும் கூடும். எனக்கு அதில் குறையில்லை. மூன்று ஆண்டுகள் மட்டும் ஆடிவிட்டுக் காப்பீட்டு வேலைக்கோ பள்ளி ஆசிரியப் பணிக்கோ போனவரின் கையெழுத்து வரும்போது எனக்கு ஏற்படும் நிறைவு பெரிய நட்சத்திரத்தின் கையெழுத்தால் ஏற்படுமா என்பது ஐயமே.

கடிதம் எழுதுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் ஆண்டில் கணினியில் ஒரே கடிதத்தைத் தட்டச்சு செய்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். நாற்பது கடிதங்களுக்குப் பதினொன்றுதான் திரும்பின. பிறகு ஒவ்வொன்றையும் கையால், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதத் தொடங்கினேன். எழுதுவதற்கு முன் அட்டையின் பின்புறத்தைப் படிப்பேன். அவர் ஆடிய ஆண்டுகளின் பழைய நாளிதழ்ச் செய்திகளை நூலகத்தின் கணினித் தொகுப்பில் தேடுவேன். புகழாத, பொதுவாகச் சொல்லாத, அவரை மட்டுமே குறிக்கும் ஒரு செய்தி கிடைத்தால் போதும். 1987 க்ளீவ்லாந்து அணியைப் பற்றி அத்தகைய செய்திகள் ஏராளம். அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் ஜோ கார்ட்டரையும் கோரி ஸ்னைடரையும் முகப்பில் போட்டு, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகிலேயே சிறந்த அணி க்ளீவ்லாந்துதான் என்று முன்னறிவித்தது. அணியோ 61 ஆட்டங்களில் வென்று 101 ஆட்டங்களில் தோற்றது. அந்த அணியில் இருந்தவர்களுக்கு எழுதும்போது நான் அந்தத் தோல்விகளைத் தவிர்ப்பதில்லை. தோற்ற ஆட்டமொன்றில் அவர் நன்றாகச் செய்த ஒரு காரியத்தை எடுத்துச் சொல்வேன். அப்படி எழுதிய கடிதங்களுக்கு அட்டையோடு இரண்டு வரி பதிலும் வந்திருக்கிறது. தன் மாநிலத்தில் யாரும் நினைவில் வைத்திராத ஓர் ஆட்டத்தை இந்தியாவில் பிறந்த ஒருவர் எப்படி அறிந்தார் என்று ஒருவர் வியந்து எழுதியிருந்தார்.

உறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. அட்டையைக் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் மடங்காது. ஆனால் வளையாத உறை தபால் துறையின் இயந்திரத்தில் ஓடாது என்பதால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். மெல்லிய உறையில் இட்டு, இருபுறமும் அஞ்சலட்டைத் தாளை வெட்டி அணைவாக வைப்பது என் வழி. திரும்பும் உறையின் உள்மடிப்பில் பென்சிலால் அட்டையின் எண்ணைக் குறித்துவைப்பேன். கையெழுத்து எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் யாருடையது என்ற குழப்பம் வராது. தபால்தலை எப்போதும் ‘ஃபாரெவர்’ வகைதான். 2007-இல் அறிமுகமானபோது 41 சென்ட்டாக இருந்தது; 2025 ஜூலையில் 78 சென்ட் ஆனது. எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும், எத்தனை ஆண்டு கழித்துப் பயன்படுத்தினாலும் அது செல்லும் என்பதுதான் அதன் சிறப்பு. நான் 2017-இல் அனுப்பிய ஓர் உறை 2022-இல் திரும்பி வந்தது. ஐந்து ஆண்டுகளாக யாரோ ஒருவரின் மேசை இழுப்பறையில் கிடந்த அந்தத் தலை, அன்றும் செல்லுபடியாக இருந்தது.

எங்கே அனுப்புவது என்பது நுட்பமான கேள்வி. இன்றும் அணியொன்றில் பயிற்சியாளராகவோ மேலாளராகவோ இருப்பவருக்கு மைதானத்தின் முகவரிக்கே எழுதலாம். பிப்ரவரி நடுவில், 15 அணிகள் அரிசோனாவுக்கும் 15 அணிகள் புளோரிடாவுக்கும் வசந்தகாலப் பயிற்சிக்குப் போகும். ஓய்வு நேரம் மிகுந்த அந்த ஆறு வாரங்கள்தான் கடிதத்துக்கு மிக ஏற்ற காலம். க்ளீவ்லாந்து அணி அரிசோனாவின் குட்இயர் ஊரில் பயிற்சி செய்வதால், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக் கடைசியில் அந்த ஊருக்கு ஒரு கட்டு உறைகளை அனுப்புகிறேன். ஓய்வுபெற்றவர்களின் வீட்டு முகவரிகள் சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் சுற்றிவருகின்றன. முன்பே பலருக்கு மகிழ்ச்சியுடன் கையெழுத்திட்டு அனுப்பியவர் என்று தெரிந்தால் மட்டுமே வீட்டுக்கு எழுதுகிறேன். ஒரு முறை எழுதிப் பதில் வராவிட்டால் மறுமுறை எழுதுவதில்லை. சிலர் ஒரு சிறு தொகையைத் தொண்டு நிறுவனத்துக்குத் தரச் சொல்வார்கள். அதை விரும்பியே செய்கிறேன். கையெழுத்து எனக்குக் கடன்பட்ட பொருள் அல்ல என்பதை நினைவில் வைத்திருந்தால் கசப்பு வராது.

2020-ஆம் ஆண்டு இந்தப் பொழுதுபோக்கின் போக்கையே மாற்றியது. பெருந்தொற்றால் சீசன் ஜூலை வரை தள்ளிப்போய், 162 ஆட்டங்களுக்குப் பதில் 60 ஆட்டங்கள் பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தன. பெரிய அணிகளின் கிளை அணிகள் ஆடும் மைனர் லீக் சீசன் முழுவதும் கைவிடப்பட்டது. வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் பழைய அட்டைப் பெட்டிகளை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். அதேபோல் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் பதில் போட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை மட்டும் எனக்கு 63 உறைகள் திரும்பின. உறையை வாங்கியதும் இரண்டு நாள் கராஜில் வைத்துவிட்டுத்தான் திறப்போம். அன்றைய அச்சத்தில் அது தேவை என்று தோன்றியது. ஒருவர் அட்டையுடன் ஒரு துண்டுத்தாளில், குடும்பம் நலமா என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த மே மாதம் என் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போக முடியாமல் இருந்த எனக்கு, அறியாத ஒருவர் கேட்ட அந்த ஒரு வரி பல நாள் துணையாக இருந்தது.

மை பற்றி ஒரு வார்த்தை. அட்டைக்கு மெல்லிய முனை கொண்ட நீல ஷார்ப்பி மார்க்கர்தான் சிறந்தது. கறுப்பு படத்தின் நிழல்களுக்குள் மறைந்துவிடும். பந்தில் கையெழுத்து வாங்கும்போது மட்டும் பால்பாயின்ட் பேனா வேண்டும், ஏனென்றால் மார்க்கர் மை தோலில் ஊறிப் பரவும். 1990-களின் பளபளப்பான அட்டைகளில் மை முத்து முத்தாகத் திரளும். குழந்தைப் பவுடரை லேசாகத் தேய்த்துப் பூச்சின் வழவழப்பை எடுத்த பிறகுதான் கையெழுத்து பிடிக்கும். வெயில் படும் சுவரில் ஒருபோதும் மாட்டக் கூடாது.

கையெழுத்தின் அழகும் காலத்தோடு குறைந்து வந்திருக்கிறது. 1950-களில் ஆடியவர்களின் கையெழுத்தில் ஒவ்வோர் எழுத்தையும் படிக்கலாம். இன்றைய இளைஞர்கள் பலருடையது ஒரு வளைவும் ஒரு கோடும் மட்டுமே. ஒரே மாலையில் இருநூறு பேருக்கு எழுத வேண்டியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மினசோட்டா அணியின் ஹார்மன் கில்லப்ரூ இந்தக் காரணத்தை ஏற்கவில்லை. 573 ஹோம் ரன் அடித்த அவர், தம் அணியின் இளம் ஆட்டக்காரர்கள் கிறுக்கி வைப்பதைப் பார்த்தால் அழைத்து, பெயரைப் படிக்கும்படி எழுதச் சொல்வாராம். டோரி ஹன்ட்டர் போன்றவர்களின் தெளிவான கையெழுத்துக்கு அவர்தான் காரணம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கில்லப்ரூ 2011 மே மாதம் இறந்தார். க்ளீவ்லாந்தின் பாப் ஃபெல்லர், கேட்டவர் யாருக்கும் மறுக்காமல் தொண்ணூற்றிரண்டு வயது வரை கையெழுத்திட்டுக்கொண்டிருந்தவர். 2010 டிசம்பரில் மறைந்தார். நான் ஒஹாயோவுக்கு வந்தது அதற்கடுத்த ஆண்டு. இந்த ஊர் முதியவர்களின் வீடுகளில் அவருடைய கையெழுத்து இட்ட பந்தைப் பார்க்கும்போதெல்லாம் ஓராண்டு முந்தி வந்திருக்கலாம் என்று நினைப்பேன்.

மைதானத்தில் வாங்கும் கையெழுத்து வேறு வகை அனுபவம். அதற்கு நான் க்ளீவ்லாந்து வரை போக வேண்டியதில்லை. கொலம்பஸ் க்ளிப்பர்ஸ் 2009 முதல் க்ளீவ்லாந்தின் கிளை அணி; பெரிய அணிக்கு ஒரு படி கீழே இருப்பது. ஹோசே ராமிரெஸும் ஃபிரான்சிஸ்கோ லின்டோரும் இங்கே ஆடியவர்கள்தான். க்ளிப்பர்ஸின் மைதானமான ஹன்ட்டிங்டன் பார்க்கின் வாசல் திறந்ததும் முதல் பேஸ் ஓரமாக இறங்கி, பாதுகாப்பு வலை முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அடிபடும் பந்துகளிலிருந்து பார்வையாளர்களைக் காக்க அண்மை ஆண்டுகளில் வலையை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்; உயிரைக் காக்கும் ஏற்பாடு என்பதால் வரவேற்கிறேன், ஆனால் சிறுவர்கள் ஆட்டக்காரரை நோக்கிக் கை நீட்டக்கூடிய இடம் குறுகிவிட்டது உண்மை. பயிற்சியை முடித்துவிட்டு வருபவரை, அவர் பெயரை ‘மிஸ்டர்’ சேர்த்து, கத்தாமல் அழைக்க வேண்டும். அட்டையைக் கெட்டியான பலகையில் பொருத்தி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்ட வேண்டும். நின்றால் பத்து விநாடி நிற்பார். குழந்தைகளை முதலில் விட வேண்டும் என்பது எழுதப்படாத விதி; அதை மீறும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

அப்படி மீறுபவர்களில் பலர் விற்பதற்காக வாங்குகிறவர்கள். ஒரே ஆட்டக்காரரின் பன்னிரண்டு அட்டைகளை ஆல்பத்தில் வைத்திருப்பார்கள். அதனால்தான் பல ஆட்டக்காரர்கள் பெயரைக் கேட்டு, ‘இன்னாருக்கு’ என்று எழுதித் தருகிறார்கள். பெயர் எழுதிய அட்டையைச் சந்தையில் விற்பது கடினம். மற்றவர்கள் அதைக் குறையாகக் கருதுவார்கள். நான் பெயர் எழுதித் தரும்படி நானாகவே கேட்பேன். என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் பேனாவை நிறுத்தி நிறுத்தி எழுதுவார்கள். ‘எச்’ சில அட்டைகளில் விட்டுப்போயிருக்கிறது, சிலவற்றில் இரண்டாகிவிட்டது. டொமினிகன் குடியரசிலிருந்து வந்த ஓர் இளைஞர் தம் பெயரையும் இங்கே யாரும் சரியாகச் சொல்வதில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, என் பெயரை மும்முறை உச்சரித்துப் பழகிவிட்டு எழுதினார். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கியும் அதற்காக நின்றார்.

2022 ஜூலையில் ஒரு மாலை, வெளியூர் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக வந்திருந்தவர் என் 792 அட்டைகளில் ஒன்றுக்குரியவர் என்பதை அறிந்து, அவருடைய அட்டையுடன் போயிருந்தேன். அடர்ந்த மீசையும் தோள்வரை இறங்கிய முடியுமாக அட்டையில் இருந்தவர், நேரில் வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக நின்றார். அட்டையை வாங்கியவர் கையெழுத்திடவில்லை. திருப்பிப் பின்புறத்து எண்களை வாசித்தார். பிறகு ஆட்டக்காரர்கள் அமரும் டக்அவுட்டைப் பார்த்துக் குரல் கொடுத்து, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பையன்கள் நால்வரை அழைத்து, அந்த ஆண்டு தாம் எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்பதை விரல் வைத்துக் காட்டினார். அவர்கள் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் எண்ணைப் பார்த்ததும் ஒருவன் வாய்பிளந்தான். இப்போதெல்லாம் யாரையும் அவ்வளவு வீச விடுவதில்லை. அவர் கையெழுத்திட்டுத் தரும்போது, இந்த அட்டை தம்மிடமே ஒன்றுகூட இல்லை என்றார். மறுவாரம் டாலருக்குச் சில அட்டைகள் விற்கும் கடையில் அதே அட்டையில் நான்கு பிரதிகள் கிடைத்தன. அணியின் முகவரிக்கு அனுப்பிவைத்தேன். அதற்குப் பதில் உறை தேவைப்படவில்லை.

இத்தனை பாடு எதற்கு, கடையில் கையெழுத்திட்ட அட்டையே கிடைக்குமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கிடைக்கும். 1990-இல் அப்பர் டெக் நிறுவனம் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 அட்டைகளைப் பாக்கெட்டுகளுக்குள் கலந்து விட்டதிலிருந்து அந்த வழக்கம் வளர்ந்துவிட்டது. இப்போது பல நிறுவனங்கள் ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் தாள்களை ஆட்டக்காரருக்கு அனுப்பி, அவர் இட்டுத் தரும் கையெழுத்துகளைப் பின்னர் அட்டைகளில் ஒட்டுகின்றன. கையெழுத்து உண்மையானதுதான், ஆனால் அவர் அந்த அட்டையைத் தொட்டதே இல்லை. வெளிச்சந்தையின் நிலை இன்னும் மோசம். 1990-களில் தம் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையெழுத்துகள் இருப்பதை சான் டியாகோவின் டோனி க்வின் கண்டு சொன்னார், எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் நடத்திய விசாரணையில் பெரிய போலி வலையமைப்பே அகப்பட்டது. கைப்பற்றப்பட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. அதன் பிறகு 2001-இல் மேஜர் லீக் நிர்வாகம் ஹாலோகிராம் முத்திரையுடன் தனக்கென ஒரு சான்றளிப்பு முறையை ஏற்படுத்தியது. தபாலில் வருவதிலும் ஏமாற்றம் இல்லாமல் இல்லை. உதவியாளர் இட்டதும் ரப்பர் முத்திரை குத்தியதும் வந்து சேரும். எனக்கும் அப்படி இரண்டு வந்திருக்கின்றன. அவற்றை ஆல்பத்தில் சேர்க்கவில்லை.

ஆல்பத்தில் ஒருபோதும் நிரம்பாத பைகளும் உண்டு. டோனி க்வின் 2014-இலும், கிர்பி பக்கெட் 2006-இலும், கேரி கார்ட்டர் 2012-இலும் இறந்துவிட்டார்கள். தோளுக்குக் கீழிருந்து விசித்திரமாகப் பந்து வீசியவரும் ஓய்வுக்குப் பின் கவிதை எழுதியவருமான டான் குவிசன்பெரி 1998-இல், நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். என் மனத்தை அதிகம் பிடித்து நிறுத்தும் அட்டை, கான்சஸ் சிட்டி அணியின் மேலாளராக இருந்த டிக் ஹௌசருடையது. 1985-இல் அணிக்கு உலகத் தொடர் வெற்றியைத் தந்தவர். மறு ஆண்டு மூளையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. 1987 பிப்ரவரியில் பயிற்சி முகாமுக்குத் திரும்ப முயன்று, உடல் இடம் கொடுக்காமல் விலகி, ஜூன் மாதம் இறந்தார். அட்டை வெளிவந்ததற்கும் அவர் மறைந்ததற்கும் இடையே இருந்தவை சில மாதங்களே. அதில் அவர் கையெழுத்து எங்கேனும் இருந்தால், அது அந்தச் சில மாதங்களில், அந்த உடல்நிலையில் இட்டதாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அது கிடைக்காது. கிடைக்க வேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை.

அதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பவர் டேவ் டிராவெக்கி. ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் பிறந்த இடக்கைப் பந்து வீச்சாளர். 1987 அட்டையில் அவர் சான் டியாகோவின் பாட்ரேஸ் அணிக்காரர். அந்த ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயன்ட்ஸ் அணிக்குப் போனார். 1988-இல் இடத்தோளில் புற்றுநோய்க்கான அறுவை நடந்தது. 1989 ஆகஸ்ட் 10 அன்று மீண்டும் களத்துக்கு வந்து வென்றார். ஐந்து நாள் கழித்து மான்ட்ரியலில் பந்து வீசிக்கொண்டிருக்கும்போதே கை எலும்பு முறிந்தது. 1991 ஜூனில் இடக்கையையும் தோளையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் இட்ட கையெழுத்துகள் எல்லாம் வலக்கையால் இட்டவை. பந்து வீசிய கையின் படம் அச்சான அட்டையில், எஞ்சிய கையால் இட்ட கையெழுத்துடன் என் ஆல்பத்தின் பைகளில் ஒன்றில் அவர் இருக்கிறார். ஆல்பத்தைப் பார்க்க வருபவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில், என் கையெழுத்தில் முகவரி எழுதிய உறை ஒன்று வந்தது. வழக்கத்தைவிடச் சற்றுத் தடிமனாக இருந்தது. பிரித்தால், நான் செப்டம்பரில் அனுப்பிய அட்டை கையெழுத்தில்லாமல் அப்படியே இருந்தது. ஒரு கணம் அப்பாவின் நினைவு வந்தது. திரும்பி வந்த கதையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த விதம். அட்டையுடன் இருந்த தாளில், வயதான ஒரு பெண்ணின் சாய்ந்த எழுத்தில் ஆறேழு வரிகள் இருந்தன. அவர் அந்த ஆட்டக்காரரின் மனைவி. என் கடிதம் வந்தபோது கணவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்ததாம். 1986-இல் டெக்சாஸில் நடந்த ஓர் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாராம். அந்த ஆட்டத்தை அவர்கள் யாரும் அறிந்திருக்கவில்லையாம். கேட்டு வருபவர்களுக்காகக் கணவர் முன்கூட்டியே கையெழுத்திட்டு இழுப்பறையில் வைத்திருந்த வெள்ளை அட்டைகளில் ஒன்றை இத்துடன் அனுப்புவதாக எழுதியிருந்தார்.

அந்த வெள்ளை அட்டை மூன்றுக்கு ஐந்து அங்குலம். ஆல்பத்தின் பைக்குள் அது போகாது. வெட்டினால் போகும், வெட்ட மனம் வரவில்லை. கையெழுத்தில்லாத அட்டையை அதற்குரிய பையில் வைத்துவிட்டு, வெள்ளை அட்டையை அது வந்த உறைக்குள்ளேயே போட்டு, அந்தத் தாளுக்கு முன்னால் செருகி வைத்திருக்கிறேன். மறுநாள் காலை அந்த அம்மையாருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். என் அப்பாவைப் பற்றியும் இரண்டு வரி அதில் இருந்தது. அதனுடன் பதில் உறை எதையும் வைக்கவில்லை.